குரங்கு மாந்தியது

நேசபாயிடம் மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். சொல்லுவாள், ஆனால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள். மயிலாடிச் சந்தையில் தேங்காய் வாங்கினால் தேங்காயைத் தட்டிப் பார்ப்பாள், விற்கிறவன் தலையைத் தட்டாததுதான் குறை. கோயிலில் போதகர் வசனத்தின் எண்ணைச் சொன்னால், அவரே சொல்லிவிட்டார் என்று மற்றவர்கள் ஆமென் போடுவார்கள். இவள் வேதப்புத்தகத்தைத் திறந்து, விரலை வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் தலையை ஆட்டுவாள். சபையில் அவளுக்குச் சந்தேக நேசம் என்று பெயர். அதை யார் வைத்தார்கள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிப்பட்ட ஆளுக்கென்றே கர்த்தர் ஒரு வேலையை உண்டாக்கி வைத்திருந்தார். அஞ்சுகிராமத்துக்கு வெளியே, காற்றாலைகள் சுற்றுகிற பொட்டலில், நீளமான ஒரு தகரக்கூரைக் கட்டடம். மருந்து ஆராய்ச்சிக்கூடம். எலி உண்டு, முயல் உண்டு, பின்கட்டில் நாற்பது சொச்சம் குரங்குகள் உண்டு. அந்தக் குரங்குக் கூடத்துக்கு நேசபாய்தான் பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயதில் இருபத்தாறு வருஷம் அங்கேயே போயாச்சு.

அங்கே சட்டமே சந்தேகம்தான். குரங்கு உடம்பில் ஒரு வைரஸ் இருக்கலாம். அதற்கு ஒன்றும் செய்யாது. வாயில் சின்னதாக ஒரு புண் வந்தால் வரும், பல சமயம் அதுவும் வராது. அதே சனியன் மனுஷன் உடம்பில் ஏறினால் நரம்பைப் பிடித்து மூளைக்குப் போய்விடும். ஏறுவது அபூர்வம்; ஏறிவிட்டால் பிழைப்பது அதைவிட அபூர்வம். எந்தக் குரங்கிடம், எந்த நாளில் இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒருத்தராலும் முடியாது. அதனால் எல்லாக் குரங்கையும் எல்லா நாளும் சந்தேகப்படு. கடித்தாலும் கீறினாலும் ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவு. பிறகு பதிவேட்டில் எழுது, டாக்டரிடம் போ, அவர் சொன்னால் அன்றைக்கே மாத்திரையைத் தொடங்கு, முப்பது நாள் உடம்பைக் கவனி. கர்த்தர் மோசேக்குக் கொடுத்த பத்துக் கட்டளை மாதிரி, இதுதான் அங்கே பத்துக் கற்பனை.

பதினைந்து நிமிஷம் என்பது சொல்லுவதற்கு லேசு. நின்று கழுவிப் பாருங்கள், தெரியும். மூன்றாம் நிமிஷத்திலேயே அரை மணிக்கூர் ஆன மாதிரி இருக்கும். சிஜோ என்று ஒருத்தன், கூடு கழுவுகிறவன், நாலு நிமிஷத்தில் வந்து "பதினஞ்சு ஆச்சு அக்கா" என்று ஈரக்கையை நீட்டினான். நேசபாய் அவனைக் காலரைப் பிடித்துத் திரும்பக் குழாயடியில் நிறுத்தினாள். சுவரில் கடிகாரம் வைத்தால் அதில் பேட்டரி இருப்பதில்லை. கழுவுகிற கையால் போனைத் தொடவும் முடியாது. அப்போதுதான் கடற்கரை ஊரிலிருந்து ஜின்சி என்ற கத்தோலிக்கப் பிள்ளை வேலைக்குச் சேர்ந்தாள். பயிற்சி நாளில் நேசபாய் அவளிடம் கேட்டாள்.

"ஏட்டி, நீங்க ஜெபமாலை சொல்லுவீங்கல்லா? முழுசாச் சொன்னா எவ்வளவு நேரம் ஆவும்?"

"நிறுத்திச் சொன்னா இருவது நிமிசம், ஓட்டிச் சொன்னா பதினஞ்சு."

"ஓட்டியே சொல்லு. மாலையில உள்ள அஞ்சு பத்து மணியும் உருட்டி முடியாம கையை எடுக்கப்பிடாது, கேட்டியா?"

நேசபாய் சீர்திருத்தச் சபைக்காரி. ஜெபமாலை என்றாலே உதட்டைப் பிதுக்குகிற கட்சி. ஆனாலும் கணக்குச் சரியாக வந்ததால் ஒப்புக்கொண்டாள். கடற்கரைப் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தபிறகு, அந்தக் குழாயடியில் கை கழுவுகிற நேரத்துக்கு 'ஒரு ஜெபமாலை' என்றே பெயராகிவிட்டது. மற்ற மதத்துப் பிள்ளைகளும் "ஒரு ஜெபமாலை கழுவியாச்சு அக்கா" என்றுதான் சொல்லுவார்கள்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்டால், குமாரதாஸ் என்று சொல்ல வேண்டும். இரணியல்காரன், கூட்டத்தில் நல்ல பலசாலி, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கூடு மாற்றும்போது அவன் முழங்கைக்குக் கீழே ஒரு பெண்குரங்கு நகத்தை வைத்துவிட்டது. அவனுக்குக் கை எரிந்ததால் நேசபாயே பதிவேட்டை எடுத்து எழுதினாள். 'பதினேழாம் கூடு. குரங்கு மாந்தியது. கழுவியாச்சு.' நம்ம ஊரில் பூனை மாந்தும், குரங்கு மாந்தும், கோபம் வந்தால் கூடப்பிறந்தவளும் மாந்துவாள். நகத்தால் கீறுவதற்கு வேறு என்ன வார்த்தை இருக்கிறது? ஆனால் அந்தக் காலத்தில் டாக்டரிடம் ஆள் போவதில்லை, பதிவேடுதான் போகும்; அப்போது இருந்த டாக்டரோ வடக்கே இருந்து வந்தவர். தமிழ் நன்றாகப் படித்தவர், அதுதான் வினை. மாந்துவது என்றால் குடிப்பது என்று புத்தகத்தில் படித்திருந்தார். குரங்கு தண்ணீர் குடித்தது, பாட்டிலைக் கழுவிவிட்டார்கள் என்று நினைத்து ஓரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனார்.

பன்னிரண்டாம் நாள் குமாரதாஸுக்குக் கையில் கொப்புளம், காய்ச்சல், தொட்டால் உணர்வில்லாத மரமரப்பு. திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் நரம்பில் மருந்து ஏற்றி ஆளை மீட்டார்கள். உயிர் இருந்தது. வலது கையில் பிடி இல்லை, கால் இழுக்கிறது, பேச்சு குழறுகிறது. இப்போது வீட்டு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ரயில் போவதைப் பார்க்கிறான். விசாரணையில், அந்த வரியை அவனே எழுதினான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கும் அந்த நாளைப் பற்றி ஞாபகம் சரியாக இல்லை. நேசபாய் திருத்தவில்லை. அந்தப் பழைய பதிவேட்டைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, புதுசில் தன் கையாலே கட்டம் போட்டாள். கடி, கீறல், ஊசிக்குத்து. மூன்று கட்டம். மாந்தல் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் யார் சொன்னாலும் கீறல் என்று திருத்திச் சொல்லவைப்பாள்.

அதற்கப்புறம்தான் சந்தேகம் முற்றியது. போன வருஷம் ஜின்சியின் மணிக்கட்டில் மூன்று கோடு பார்த்தாள். "வீட்டுப் பூச்ச மாந்தினது அக்கா" என்றாள் பிள்ளை. நம்புவாளா? டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சோதனை, கண்காணிப்பு; போதாததற்கு நேசபாயே நாலு வாரம் வீட்டில் இரு என்றாள். அதுவரை தப்பில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாயங்காலம் நாகர்கோவில் பஸ்ஸில் பக்கத்தில் சண்முகவடிவு உட்கார்ந்திருந்தாள். அஞ்சுகிராமத்தில் தையல்கடை வைத்திருக்கிறாள். அவள் காதில் விழுந்தது அடுத்த நாளே எல்லா ரவிக்கையோடும் சேர்ந்து ஊருக்குப் போய்விடும். நேசபாய்க்கு மனம் தாங்கவில்லை. "அந்தக் கடற்கரைப் பிள்ளைக்குக் கையில குரங்குக் கீறல் கெடக்கு, ஒளிச்சு வைக்கா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

அது போதும். கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது ஜின்சிக்குக் குரங்குக்காய்ச்சல். பூசையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காரவில்லை. பேசி முடிக்க இருந்த ஒரு கல்யாணம் பேச்சோடு நின்றது. கடைசியில் அது பூனைதான். சோதனையில் ஒன்றும் இல்லை. நேசபாய் "செரி, வேலைக்கு வா" என்றாளே ஒழிய, மன்னிப்பு என்று வாயைத் திறக்கவில்லை.

இனி இந்த அக்டோபர் மாசத்துப் புதன்கிழமைக்கு வருவோம். காலை பத்தரை. நேசபாய் தீவனக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயடிக் கதவுக்கு அந்தப்பக்கம் தண்ணீர் ஓடுகிற சத்தம், அதற்குள் ஒரு முணுமுணுப்பு. ஜெபமாலையில் மணிக்கு ஒன்றாகச் சொல்லுகிற மங்கள வார்த்தை ஜெபம்தான். ஜின்சியின் குரல்.

நேசபாய் பேனாவை வைத்தாள். கதவோரம் போய் நின்று விரல்விட்டு எண்ணினாள். ஒரு பத்து. இரண்டு. மூன்றில் நிற்கும் என்று பார்த்தாள், நிற்கவில்லை. ஐந்து பத்தும் முடிந்து, அதற்கப்புறம்தான் குழாய் நின்றது. சும்மா யாரும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு முழு ஜெபமாலை சொல்லமாட்டார்கள். பிள்ளை வெளியே வந்தாள்.

"ஏட்டி, கையைக் காட்டு."

"என்னத்துக்கு அக்கா?"

"காட்டுட்டி."

இரண்டு கையையும் முழங்கை வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கோடு இல்லை. கழுத்து, கணுக்கால், ஒன்றும் இல்லை. கழற்றிப் போட்ட கையுறைகளை எடுத்துத் தண்ணி ஊற்றிப் பார்த்தாள், ஒரு ஓட்டை இல்லை. கடைசியாகக் கையை மூக்கருகே கொண்டுபோனாள். அந்தக் குழாயடிச் சோப்பு ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், ரெண்டு நாளைக்குப் போகாது. ஜின்சி கையில் அந்த வாடையே இல்லை.

"குரங்கு என்னத் தொடவே இல்ல அக்கா. மாதா சத்தியமா. ஜெபமாலை மாசம்லா, அதான் சொன்னேன்."

"தண்ணியைத் தொறந்துபோட்டா?"

"உள்ள சத்தம் கேக்காம இருக்கட்டும்னுதான்."

அவள் கண் கலங்கிச் சிவந்திருந்தது. பார்த்ததும் நேசபாய்க்குப் பூனை ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை அந்தப் பிள்ளை பாவத்தைக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தேகத்தைப் பாதியில் விட்டாள். "போ" என்றாள்.

விட்டாளே தவிர, அது அவளை விடவில்லை. பன்னிரண்டரைக்கு டிபன்பாக்ஸைத் திறந்து மீன்குழம்பில் சோற்றைப் பிசைந்தவள், உருண்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்தாள். பிள்ளையின் முன்முடி நனைந்திருந்தது. சட்டைக் கழுத்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. கையில் சோப்பு இல்லை. சோப்புப் போடாமல் பதினைந்து நிமிஷம் கழுவுகிற இடம் உடம்பில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அழுததால் கண் சிவந்தது என்றல்லவா நினைத்தாள், மடச்சி!

சோறு கையோடு எழுந்து ஓடினாள். ஜின்சி தீவன அறையில் மூட்டைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணுல என்ன விழுந்துது?"

பிள்ளை தலையைக் குனிந்தாள்.

"ஏட்டி, நீ பொய் சொல்லல்ல, எனக்குத் தெரியும். குரங்கு தொடல்ல. ஆனா என்னமோ தெறிச்சிருக்கு. சொல்லு மக்கா."

"மூத்திரத் தட்டை இழுத்தேன். முகத்துல போடுத கண்ணாடி மூடி வேர்த்து ஒண்ணும் தெரியல்ல, அதைத் தூக்கி வெச்சிருந்தேன். கூட்டுக்குள்ள குரங்கு ஒரு துள்ளு துள்ளிச்சு. வலது கண்ணுல விழுந்துது." ஜின்சி நிமிர்ந்தாள். "பதிவேட்டுல அதுக்குக் கட்டம் இல்லியே அக்கா. கடி இல்ல, கீறல் இல்ல, குத்து இல்ல. அப்ப என்னன்னு எழுத?"

நேசபாய்க்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரு வார்த்தையைத் துரத்திவிட்டால் போதும் என்று நினைத்து அவள் போட்ட கட்டம். கண் வழியாகவும் ஏறும் என்று பயிற்சியில் வாய்வலிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவளேதான். எழுத இடம் விடாததும் அவளேதான்.

"எந்திரி. டாக்டர்கிட்டப் போவோம்."

"நான் வரல்ல."

"என்ன பேச்சு பேசுகே! மாத்திரைக்கு நேரம் போய்க்கிட்டு இருக்குட்டி. முதல் சில மணிக்கூர்தான் பெருசு."

"ஞாயித்துக்கிழமை மூணாம் ஓலை அக்கா." கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் பெயரைச் சொல்லி, தடை உண்டா என்று சபையிடம் கேட்பார்கள், அதுதான் ஓலை. மாப்பிள்ளை அபின் மஸ்கட்டில் இருக்கிறான். இரண்டு வாசித்தாயிற்று. "இப்ப இது வெளிய போனா அன்னைக்கே எந்திரிச்சு நிப்பாங்க. போன தடவை எப்பிடி ஊருக்குப் போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

நேசபாய் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும்.

"நான்தான். பஸ்ஸுல சொன்னேன்."

"தெரியும்" என்றாள் ஜின்சி. "அன்னைக்கே தெரியும். அதனாலதான் இன்னைக்குச் சொல்லல்ல."

அந்த இடத்தில் அழுதிருக்கலாம். நேசபாய் அழவில்லை. கையைக் கழுவிவிட்டு நேரே அலமாரிக்குப் போனாள். பூட்டைத் திறந்து, ஒன்பது வருஷமாக ஒருத்தருக்கும் காட்டாத பழைய பதிவேட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தை விரித்து ஜின்சியின் மடியில் வைத்தாள்.

"குமாரதாஸைக் கேள்விப்பட்டிருக்கியா?"

"கையும் காலும் போன அண்ணனா?"

"இது அவன் எழுதினதுன்னு எல்லாரும் நினைக்காங்க. பாரு, யாருக்க எழுத்து?"

ஜின்சி பார்த்தாள். தினமும் பார்க்கிற எழுத்து. சுழி பெரிசாக, கோடு தாண்டி நிற்கிற நேசபாய் எழுத்து.

"கீறிச்சுன்னு எழுதியிருந்தா அன்னைக்கே மாத்திரை கிடைச்சிருக்கும். அவன் இப்ப நடப்பான். கேட்டாங்க, நான் வாயைத் தொறக்கல்ல. இதைப் போட்டோ எடுத்து வெச்சுக்க. ஒனக்க சங்கதி என் வாயில இருந்து வெளிய போனா, நீ இதை ஊரெல்லாம் காட்டு. என் வேலையும் போவட்டும், மானமும் போவட்டும். ஆனா இப்ப எந்திரிச்சு வா, மக்கா. ஒனக்குக் கால் கையி வேணும். கல்யாணத்துக்கு நடந்து போவணும்லா?"

ஜின்சி அவளை வெகுநேரம் பார்த்தாள். இதில் என்ன சூழ்ச்சி இருக்கும் என்று அலசுகிற பார்வை. நேசபாயிடம் வேலை பழகிய பிள்ளை அல்லவா! பிறகு போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தாள். தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் எழுந்தாள்.

டாக்டர் ரெஜிஷா இப்போது இருக்கிறவர், இந்த ஊர்க்காரர், மாந்தல் என்றாலும் புரியும். அதிகம் பேசவில்லை. உடனே கழுவியதற்குப் பாராட்டினார், மறைத்ததற்குத் திட்டினார், கண்ணிலும் குரங்கிடமும் மாதிரி எடுத்தார். வைரஸைத் தடுக்கிற மாத்திரை, எட்டு மணிக்கூருக்கு ஒன்று, பதினான்கு நாள். முதல் மாத்திரை மத்தியானம் இரண்டு மணிக்கு ஜின்சியின் வாய்க்குள் போனது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை, கல்யாண வேலையைப் பார்க்கலாம், தலைவலியோ காய்ச்சலோ மரமரப்போ வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் கூப்பிடு என்றார். நேசபாய் பதிவேட்டில் நாலாவது கட்டம் போட்டாள். தெறிப்பு. எழுதியதை டாக்டரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் நேசபாய் தூங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை. காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து. இரண்டு மணி மாத்திரையைக் கண்முன்னால் விழுங்கவைக்கலாம். மற்ற இரண்டு? கல்யாண வீடு. சொந்தக்காரர்கள் நிறைந்து கிடப்பார்கள். யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பிள்ளை மாத்திரையைக் கொல்லையில் எறிந்துவிட்டால்? "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டேன்" என்கிறாள். சாப்பிட்டேன் என்று யார்தான் சொல்லமாட்டார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நேசபாய் தன் சபை ஆராதனையை விட்டுவிட்டு விடியற்காலைப் பஸ் ஏறினாள். வட்டக்கோட்டைக்கு அந்தப்பக்கம் கடலோரத்துக் கோயில். காலைப் பூசையில் பின்வரிசையில் உட்கார்ந்து, எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். முடிவில் சாமியார் ஓலையை வாசித்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் மூன்றாம் முறை. தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் சொல்ல வேண்டும்.

முன்வரிசையில் ஜின்சியின் தலை திரும்பியது. அவளைப் பார்த்துவிட்டாள்! பிள்ளையின் முகத்தில் ரத்தம் சுண்டிப்போனது. நேசபாய் இரண்டு உதட்டையும் உள்ளே மடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். சாமியார் அடுத்த பெயரை வாசிக்கப் போய்விட்டார். அந்த அரை நிமிஷம் அவளுக்கு ஒரு ஜெபமாலை நேரம் ஆயிற்று.

பூசை முடிந்ததும் வெளியே மணலில் ஜின்சி நேரே வந்தாள்.

"வேவு பாக்க வந்தியளா?"

"ஆமா" என்றாள் நேசபாய். பொய் சொல்லத் தோன்றவில்லை.

ஜின்சி கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டைகளை எடுத்து அவள் கையில் வைத்தாள். அட்டைக்கு மூன்று மாத்திரை, நாலு அட்டை. "வீட்டுல குப்பையில போட்டா யாராவது பாப்பாங்க. நீங்களே கொண்டு போங்க. எண்ணிக்கிடுங்க" என்றாள். சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டாள்.

அஞ்சுகிராமத்தில் ஏறின பஸ்ஸில் சண்முகவடிவு இருந்தாள். தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாளாம். "வா நேசம், இங்க இரி" என்று இடம் போட்டாள். வேறு இடம் இல்லை. உட்கார்ந்தாள். எண்ணக்கூடாது என்றுதான் நேசபாய் நினைத்தாள். நினைப்பு ரெண்டு ஸ்டாப் வரை தாங்கியது. பிறகு கை தானாகப் பைக்குள் போனது. அட்டைகளை வெளியே எடுத்து ஒவ்வொரு குழியாக விரலால் தடவினாள். புதன் இரண்டு, வியாழன் மூன்று, வெள்ளி மூன்று, சனி மூன்று, இன்றைக்குக் காலை ஒன்று. பன்னிரண்டு. பன்னிரண்டும் காலி. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இது என்னத்துக்குள்ள மாத்திரை?" சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள். "கடற்கரைப் பக்கம் இருந்துல்லா வாறே? ஆருக்கு?"

நேசபாய் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அதே பஸ். அதே காது.

"எனக்குத்தான்" என்றாள், ரெண்டு வரிசைக்குக் கேட்கிற மாதிரி. "குரங்கு மாந்திட்டு."

சண்முகவடிவு சேலைத்தலைப்பை இழுத்துச் சுருட்டினாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த ஸ்டாப்பில் எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜின்சிக்கு முப்பது நாளும் ஒன்றும் வரவில்லை. கல்யாணம் நடந்தது, நடந்தே போனாள். அந்தப் போட்டோ இன்னும் அவள் போனில் இருக்கிறது. கல்யாணம் முடிந்த மறுவாரம், இரணியலுக்குப் போய் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று அவள் சொல்லி, நேசபாய் போய்க் குமாரதாஸிடம் சொன்னாள். அவன் ரயில்பாதையைப் பார்த்தபடி, மாந்தினதை மாந்தினதுன்னுதானே எழுதினிய, அதுல எழுத்துப் பிழை இல்லியே என்று குழறிக்கொண்டே கேட்டான்.

இன்றைக்கும் நாகர்கோவில் பஸ்ஸில் எவ்வளவு கூட்டம் என்றாலும் நேசபாய் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும். பையை வைக்க வசதி என்று சொல்லிக்கொள்கிறாள்.